இருவருக்கும் ஒரே நினைவு மலர்: பெரியப்பா, பெரியம்மாவின் வாழ்க்கையைத் தொகுத்த அனுபவம்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் காலமானால், 31ஆம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் முடிந்து சாப்பிட்டுப் புறப்படுகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பது வழக்கம். ஊரில் அதைக் கல்வெட்டு என்பார்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் நினைவு மலர் என்ற பெயரில் அச்சாகிறது. முகப்பில் படம், உள்ளே திதி வெண்பா, தேவாரம், சிவபுராணம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல் என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு.

என் பெரியப்பா 2021 மே மாதம் கனடாவின் ஸ்காபரோவில் காலமானார். கொரோனாவால், மரணச் சடங்கில் 10 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று ஒன்ராறியோவில் விதி இருந்த நேரம் அது. மலர் வெளியிட யாருக்கும் மனம் வரவில்லை. "ஆறுதலாப் பாப்பம்" என்று பெரியம்மா சொல்லிவிட்டார். 2023 இலையுதிர் காலத்தில் பெரியம்மாவும் போனபின், பிள்ளைகள் மூவரும் இருவருக்கும் சேர்த்து ஒரே மலராக, பெரியம்மாவின் ஆட்டைத் திவசத்துக்கு (முதலாண்டு நினைவு நாளுக்கு) கொண்டுவருவது என்று முடிவெடுத்து, தொகுக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். 31 நாளில் அச்சாகும் மலரில் அழுகையைத்தான் பதிவுசெய்ய முடியும். வாழ்க்கையைப் பதிவுசெய்ய அந்த அவகாசம் போதாது என்பது என் கருத்து. அந்தியேட்டிக்குத் திருமுறைகளும் படமும் உள்ள மெல்லிய ஏடு ஒன்றைக் கொடுத்துவிட்டு, பெரிய மலரை ஆட்டைக்கு வைத்துக்கொள்வது நல்லது. இனி எழுதப்போவதில் பெரும்பகுதி, பெற்றோரும் பெரியவர்களும் உயிரோடு இருக்கும்போதே தொடங்கினால்தான் பயன்படும்.

எங்கள் மரண அறிவித்தல்களுக்கு ஓர் அச்சு வார்ப்பு இருக்கிறது. "கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், சுன்னாகத்தை வாழ்விடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட" என்று அது பெரியப்பாவுக்கு எழுதப்பட்டது. இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் சுன்னாகத்துக்கும் ஸ்காபரோவுக்கும் இடையில் இருந்த 9 வருடங்கள் அந்த வார்ப்பில் ஒரு காற்புள்ளிக்குள் அடங்கிவிடுகின்றன. 1971 தை மாதம் கல்யாணம் முடித்தவர்கள், 1984இல் அவர் கொழும்பில் விமானம் ஏறியதிலிருந்து 1993இல் பெரியம்மா பிள்ளைகளோடு ரொறன்ரோவில் வந்து இறங்கும்வரை ஒருவரையொருவர் பார்க்கவில்லை. 2021இல் ஸூமில் நாங்கள் கொண்டாடிய 50ஆவது திருமண நாளில் எல்லோரும் அரை நூற்றாண்டுத் தாம்பத்தியம் என்று வாழ்த்தினோம். அதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கடிதத்தில் நடந்த தாம்பத்தியம். மலரின் நடுப்பகுதியை அந்த 9 வருடங்களுக்கே கொடுப்பது என்று நான் தொடக்கத்திலேயே தீர்மானித்தேன்.

கடிதங்களைத் தேடியபோதுதான் ஒரு விசித்திரமான இழப்புத் தெரியவந்தது. பெரியப்பா எழுதிய கடிதங்கள் ஒன்றுகூட இல்லை. 1993இல் புறப்படும்போது பெரியம்மா அவற்றைச் சுன்னாகத்தில் தன் தாயாரிடம் விட்டுவந்தார். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அந்த வீட்டில் இருந்த எல்லாவற்றோடும் அவையும் போயின. பெரியம்மா எழுதியவை மட்டும் பெரியப்பாவின் சூட்கேசில், வருடவாரியாக ரப்பர் பட்டி போட்டுக் கட்டி இருந்தன. ஆக, ஒரு பக்கம் பேசுவது கேட்கிறது, மறுபக்கம் கேட்கவில்லை. முதலில் இதைப் பெருங்குறை என்று நினைத்தோம். வாசிக்க வாசிக்க, பெரியப்பாவின் கடிதங்கள் பெரியம்மாவின் பதில்களுக்குள்ளேயே இருப்பது தெரிந்தது. "குளிருக்குக் கால் வெடிக்குது எண்டு எழுதியிருந்தீங்கள். நல்லெண்ணெய் பூசிப்போட்டு மேசு (காலுறை) போட்டுக்கொண்டு படுங்கோ" என்று பெரியம்மா எழுதுகிறார், உணவகத்தில் தட்டுக் கழுவிய அந்தக் காலத்தில் தன் கால்கள் எப்படி இருந்தன என்று பெரியப்பா எங்களில் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. "உண்டியல் காசு வந்து சேர்ந்தது. இந்த முறை கூட அனுப்பியிருக்கிறீங்கள், சாப்பிடாமல் இருக்கவேண்டாம்" என்று இன்னொன்று. உண்டியல் என்பது வங்கி வழியாக இல்லாமல் ஆள்மூலம் காசு அனுப்பும் முறை. ஒரு பக்கத்துக் கடிதங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கிற குடும்பங்கள் பல உண்டு. அவற்றை, இவர் எதற்குப் பதில் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டே வாசித்தால் மற்றவர் எழுதியதில் பாதியை மீட்டுவிடலாம்.

திகதி இல்லாத கடிதங்களை வரிசைப்படுத்துவது தனி வேலை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து கடிதங்கள் பெரும்பாலும் கொழும்புக்குப் போகிற யாரோ ஒருவரின் பையில் போய் அங்கே தபாலில் சேர்க்கப்பட்டன. உறையில் உள்ள முத்திரை கொழும்பில் போட்ட நாளைத்தான் காட்டும். எழுதிய நாள் அதற்கு வாரக்கணக்கில் முந்தியதாக இருக்கலாம். அதனால் உள்ளே இருக்கும் செய்திகளை வைத்துத்தான் ஒழுங்குபடுத்தினோம். மூத்த மகள் ஓ.எல். (சாதாரண தரப்) சோதனை எழுதுகிறாள் என்றால் 1991, நல்லூர்க் கொடியேற்றம் என்றால் ஆடி, ஆவணி என்று ஒவ்வொன்றாக இடம் பிடித்தோம். மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெய் கிடைக்காத அந்த வருடங்களின் கடிதங்களில் எழுத்துப் பொடியாகி, விளிம்பு வரைக்கும் நெருக்கி, பிறகு தாளைத் திருப்பி ஓரத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. ஜாம் போத்தல் விளக்கில் எழுதியது என்பது பெரியம்மா சொல்லி எனக்குத் தெரியும். அந்தத் தாள்களில் ஒன்றை அப்படியே படமெடுத்து முழுப் பக்கத்தில் போட்டோம். தட்டச்சு செய்த வடிவத்தைவிட அது அதிகம் சொல்கிறது. பழைய மென்தாள் கடிதங்களைத் தட்டையாக வைத்து, 600 டி.பி.ஐ. அளவில், வண்ணத்திலேயே ஸ்கேன் செய்ய வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மறுபக்கத்து மை ஊறித் தெரிவதையும் எழுத்தையும் பிரித்தறிய முடியாது.

உறவினர்களிடம் கட்டுரை கேட்டபோது வேறொரு சிக்கல் வந்தது. 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை, கஸ் டால்ட்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவரும் மற்ற மீனவர்களும் காப்பாற்றினார்கள் அல்லவா? பெரியப்பா அந்தப் படகில் வந்தவர் என்று இரண்டு பேர் எழுதி அனுப்பியிருந்தார்கள். எங்கள் தலைமுறையில் பலரும் அதைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அவருடைய பத்திரங்களைப் பார்த்தால், அவர் 1986 பெப்ரவரியில், அந்தச் சம்பவத்துக்கு ஆறு மாதம் முன்பே, மேற்கு ஜேர்மனியிலிருந்து விமானத்தில் மொன்றியலின் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். இருவழிக்கும் மூலம் ஒன்றுதான். அந்தக் காலத்தில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லின் போய், அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் போவது எங்கள் ஆட்கள் பலர் போன பாதை. படகில் வந்தவர்களும் மேற்கு ஜேர்மனியிலிருந்துதான் கப்பல் ஏறினார்கள். அதனால் குழப்பம் இயல்பானது. பெரிய சம்பவம் ஒன்று பக்கத்தில் நடந்துவிட்டால் சின்ன வாழ்க்கைகள் மெல்ல மெல்ல அதற்குள் இழுபட்டுப் போய்விடும். ஆகவே, நாடு விட்டு நாடு வந்த கதையை அச்சிடுமுன் பழைய கடவுச்சீட்டின் முத்திரைகள், அகதி விண்ணப்பப் படிவம், லாண்டட் பேப்பர் (நிரந்தரக் குடியேற்றப் பத்திரம்), குடியுரிமைச் சான்றிதழ் ஆகிய நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இவை தொலைந்திருந்தால், சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருக்கும்போதே தன் கோப்பின் பிரதியை அரசாங்கத்திடம் விண்ணப்பித்துப் பெறச் செய்யுங்கள். இறந்து 20 வருடம் ஆகும்வரை ஒருவருடைய தனிப்பட்ட விபரங்களைக் கனடாவின் தனியுரிமைச் சட்டம் பாதுகாக்கிறது. அதற்கிடையில் பிள்ளைகள் கேட்டாலும் எளிதில் கிடைக்காது.

பத்திரங்கள் காட்டிய இன்னொன்று, அந்தப் பிரிவு ஏன் இவ்வளவு நீண்டது என்பது. பெரியப்பாவுக்கு அவ்வளவு காலம் வசதி வரவில்லை, அதனால்தான் குடும்பத்தை எடுக்கவில்லை என்று ஊரில் கதை இருந்தது. உண்மையில், அகதி கோருகிற ஒவ்வொருவருக்கும் நேரில் தன் கதையைச் சொல்லும் உரிமை உண்டு என்று கனடா உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரலில் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. எங்கள் எல்லோருக்கும் அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அத்தனை பேரையும் விசாரிக்கும் ஏற்பாடு அப்போது இருக்கவில்லை. புதிய அகதிச் சபை 1989 ஜனவரியில்தான் தொடங்கியது. விண்ணப்பங்கள் மலைபோலத் தேங்கி, பெரியப்பாவுக்கு லாண்டட் கிடைக்க 1991 ஆயிற்று. அதன் பிறகே அவர் ஸ்பொன்சர் செய்ய முடிந்தது. அந்தத் திகதிகளை ஒரு சிறு பெட்டிக்குள் மலரில் போட்டோம். அவரைப் பற்றி ஊரில் இருந்த ஒரு குறைச்சொல் அதோடு தீர்ந்தது.

நல்லவேளையாக, இருவரும் இருக்கும்போதே அவர்கள் பேச்சைக் கைபேசியில் பதிவுசெய்து வைத்திருந்தேன். அதில் நான் கண்ட முக்கியமான விஷயம், கணவனையும் மனைவியையும் சேர்த்து இருத்திக் கேட்டால் ஒருவருடைய கதைதான் கிடைக்கும் என்பது. பெரியம்மா, "அவர் சொல்லட்டும்" என்று எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவார். பெரியப்பா, தான் பார்க்காத 9 வருடத்துச் சுன்னாகத்தையும் சேர்த்து, நேரில் நின்றவர்போலச் சொல்லிக்கொண்டு போவார். தனித்தனியாகக் கேட்டபோது வேறு இரண்டு கதைகள் வெளியே வந்தன. வெளிநாட்டுப் பயணத்துக்கு ஏஜென்சிக்குக் கட்டிய காசு தன் அண்ணன் கைமாற்றாகத் தந்தது என்று பெரியப்பா கடைசிவரை நம்பினார். பெரியம்மாவோ, தன் காப்புகளை அடகுவைத்து, அதை அண்ணர் கையில் கொடுத்து, "நீங்கள் தந்ததா இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பியதாகச் சொன்னார். "அவருக்குத் தெரிஞ்சா வெளிக்கிட மாட்டார்" என்பது அவர் சொன்ன காரணம். முதலில் தனித்தனியாக, பிறகு சேர்த்து என்ற வரிசையையே நான் எல்லோருக்கும் சொல்வேன். சேர்த்து இருத்தும்போது ஒருவரை ஒருவர் மறுப்பார்கள். அந்த மறுப்பும் பதிவாக வேண்டியதுதான். மலரில் காசின் கதையை இருவர் சொன்னபடியும் பக்கத்துப் பக்கம் அச்சிட்டோம். எது சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை.

கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். "கிளாலி கடந்தது எப்பிடி இருந்தது, பெரியம்மா?" என்று கேட்டபோது, "பயம்தான், வேறென்ன" என்பதோடு பேச்சு நின்றுபோனது. ஆனையிறவு, சங்குப்பிட்டிப் பாதைகள் அடைபட்டு, இரவில் கிளாலிக் கடலேரியைச் சின்னப் படகுகளில் கடப்பதே குடாநாட்டை விட்டு வெளியேற வழி என்றிருந்த காலம் அது. படகுகள்மீது சூடு விழுவதும் சனம் சாவதும் நடந்தன. இன்னொரு நாள், "அண்டைக்கு உங்கட பையிலை என்ன இருந்தது?" என்று கேட்டேன். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டியது, வறுத்த மிளகாய்த்தூள் ஒரு பொதி, சின்னவன் தண்ணீரில் நனைந்த சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கியது, மறுகரையில் உழவு இயந்திரத்துக்குக் காத்திருந்தது, வவுனியாவுக்குப் போகும் வழியில் தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில் மிளகாய்த்தூளைக் கொட்டிப் பார்த்த சிப்பாய் தும்மியது என்று பேச்சு எங்கும் நிற்காமல் ஓடியது. சம்பவத்தைக் கேட்டால் பெரியவர்கள் சுருக்கிவிடுவார்கள். பொருளைக் கேட்டால் அது இருந்த இடம், நேரம், ஆட்கள் எல்லாம் கூடவே வரும். கேட்பதை ஒருநேரத்தில் அரைமணிக்கு மேல் நீட்ட வேண்டாம். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கைபேசியை மேசைமேல் ஒரு துணியில் வையுங்கள்; வெறும் மேசையில் வைத்தால் தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற சத்தம்கூட இடிபோல் பதிவாகும்.

கனடா வாழ்க்கைக்கு எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆதாரம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடியில் இருந்த முதல் வருடங்களில் பெரியப்பாவுக்கு இரவு வேலை, பெரியம்மாவுக்குப் பகல் வேலை. ஒருவர் வீடு வந்து சேரும்போது மற்றவர் பஸ் தரிப்பில் நிற்பார். 9 வருடம் கடிதத்தில் பேசியவர்கள், ஒரே வீட்டுக்கு வந்தபின்னும் கிழமை நாட்களில் எழுத்தில்தான் பேசினார்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் கிடந்த அந்தக் கொப்பியில் இடப்பக்கம் பெரியம்மாவின் வட்ட எழுத்து, வலப்பக்கம் பெரியப்பாவின் சாய்ந்த எழுத்து. "இஞ்சாருங்கோ, புட்டு மூடி வைச்சிருக்கிறன். சாப்பிட்டிட்டுப் படுங்கோ." "ஹைட்ரோ (மின்சார) பில் கட்டியாச்சு. சின்னவன்ர பள்ளிக்கூடப் பேப்பரிலை நீர் கையெழுத்து வையும்." "சீட்டுக்காசு 200 மேசை லாச்சிக்குள்ளை." "பனி கொட்டுது, உம்மட பழைய சப்பாத்து வழுக்கும், என்ரையைப் போட்டுக்கொண்டு போம்." கடைசி வரிக்குக் கீழே இரண்டே சொல் எழுதப்பட்டிருக்கிறது: "அது பெரிசு." பிள்ளைகள் அந்தக் கொப்பியை வெறும் கணக்குக் கொப்பி என்று நினைத்து, வீடு ஒதுக்கும்போது எறியும் பெட்டிக்குள் போட்டிருந்தார்கள். கணக்குக் கொப்பி, சீட்டுப் புத்தகம், கலண்டரில் எழுதிய குறிப்பு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எதையும் வாசித்துப் பார்க்காமல் எறியாதீர்கள். வாழ்த்து மடல்களை எறிந்தாலும் பெரிய நட்டமில்லை; அவற்றில் இருப்பது கடைக்காரர் அச்சடித்த வசனம்.

மலருக்காகச் சேர்த்த பத்திரங்கள் இன்னொரு வேலைக்கும் உதவின என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணவன் இறந்தபின் மனைவிக்குக் கனடா ஓய்வூதியத் திட்டத்திலிருந்து வாழ்க்கைத்துணைக்கான தொகை உண்டு. 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு, அவருக்குச் சொந்தமாக அத்திட்டத்தில் வேறு ஓய்வூதியம் இல்லாவிட்டால், இறந்தவரின் ஓய்வூதியத்தில் 60 வீதம் வரை கிடைக்கும். அது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டியிருக்கலாம். ஊரில் சடங்கு செய்து, பதிவைப் பிறகு பார்ப்போம் என்று விட்டவர்கள் எங்கள் பெரியவர்களில் கொஞ்சப் பேர் அல்ல. முதியோர் ஓய்வூதியத்தை முழுதாகப் பெற 18 வயதுக்குப் பின் 40 வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 10 வருடத்துக்குக் குறைந்தால் பொதுவாக ஒன்றும் இல்லை. 1993இல் வந்து 2015இல் 65 வயதான பெரியம்மாவுக்கு அது 40 பங்கில் 22 பங்காகவே கிடைத்தது. அந்தப் பிரிவுக் காலம் முதுமையிலும் மாதாமாதம் கழிபட்டுக்கொண்டிருந்தது என்பதை அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நாங்கள் உணர்ந்தோம்.

படங்களைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. 80களின், 90களின் ஒட்டும் அல்பங்களில் உள்ள பசை படத்தைத் தின்றுவிடும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையில் மெல்ல இழுத்தால் பெரும்பாலும் கிழியாமல் வரும். பின்பக்கத்தில் பேனையால் அல்ல, மென்மையான பென்சிலால், இடமிருந்து வலமாகப் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். மாமா, சித்தி என்று எழுதினால் அடுத்த தலைமுறைக்கு அது யாருடைய மாமா என்று தெரியாது.

செய்யுள் பகுதியில் குடும்பத்துக்குள் வாக்குவாதம் வந்தது. பழைய கல்வெட்டுகளில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று பாடல்கள் இருக்கும். புலவர் ஒருவரிடம் சொல்லி எழுதுவிக்கலாம் என்றார்கள் சிலர். திதி வெண்பா மட்டும் போதும் என்று நான் நின்றேன். ஆண்டு, மாதம், பட்சம், திதியை நாலு வரியில் வைத்துவிடுவதால் திவசத்துக்கு நாள் பார்க்க அது உதவும். பெரியப்பாவுக்குப் பிலவ ஆண்டு, பெரியம்மாவுக்குச் சோபகிருது. புலம்பலோ, பெயரை மாற்றினால் எந்த வீட்டுக்கும் பொருந்தும். சிவபுராணத்தையும் தேவாரங்களையும் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனோம். பக்தி ஒரு காரணம். இன்னொன்று, திருமுறை இருக்கிற புத்தகத்தை எங்கள் ஆட்கள் குப்பையில் போடமாட்டார்கள். சாமியறைத் தட்டில் வைப்பார்கள். வாழ்க்கை வரலாறும் அதோடு பிழைத்துக்கொள்ளும்.

அச்சுக்குப் போகுமுன் முழுப் பிரதியையும் பிள்ளைகள் மூவருக்கும் தனித்தனியாக அனுப்பி, ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தப் பக்கம் போகாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். அப்படி இரண்டு கடிதங்கள் நின்றன. எந்தக் கடிதங்கள் என்பதை இங்கும் சொல்வதற்கில்லை. அகதி விண்ணப்பத்தில் பெரியப்பா எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை நாங்கள் அச்சிடவில்லை. அது ஒரு விசாரணைக்காக எழுதியது, அதில் இன்னும் உயிரோடு இருப்பவர்களின் பெயர்களும் உண்டு. இணையத்தில் போகிற பிரதியில் பிறந்த நாட்களை எடுத்துவிட்டு வருடங்களை மட்டும் விட்டோம். பிறந்த திகதியும் தாயின் குடும்பப் பெயரும் சேர்ந்து கிடைத்தால், மோசடிக்காரருக்கு வங்கியின் பாதுகாப்புக் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்த மாதிரி. மின்பிரதியை 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கொடுத்தோம். அங்கே நினைவு வெளியீடுகள் தனிப்பிரிவாகவே சேர்கின்றன. ஊர் வரலாறு தேடுகிற எவருக்கும் அவை பயன்படும்.

மூலங்களைப் பங்கிடுவதில்தான் கடைசி இழுபறி. கடிதங்கள் மூத்த மகளிடமும், பத்திரங்கள் இரண்டாவது மகளிடமும், கொப்பி சின்னவனிடமும் போயின. ஸ்கேன்களும் ஒலிப்பதிவுகளும் மூவரிடமும் ஒவ்வொரு பிரதி உண்டு. எது யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலை மலரின் பின்அட்டையின் உட்புறத்தில் அச்சிட்டிருக்கிறோம். பேரப்பிள்ளைகளில் யாராவது பிறகு கேட்டு வந்தால், எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டும்.